குறிப்பு ஏதேனும் இருப்பின்

பல்லடத்தில் இரண்டு உதவிபெறும் பள்ளிகள்.
நடுவில் நாலு கிலோமீட்டர் தறிச்சத்தம்,
ஒரு கோழித்தீவன ஆலை.
அதே பாடநூல், அதே சம்பளப் பட்டியல்,
ஒரே லாரியில் வந்திறங்கும் சீருடைத் துணி.
ஒன்றில் எட்டாம் வகுப்பு பின்னத்தைக் கூட்டுகிறது.
மற்றதில் பின்னம் என்றதும்
பிள்ளைகள் சுவரைப் பார்க்கிறார்கள்.
ஏன் என்று பதினாறு கட்டங்களில் நிரப்பிவர
என்னை அனுப்பியிருந்தார்கள்.

மேற்குப் பள்ளியில் தொடுதிரை, குளிரூட்டிய ஆய்வகம்.
தாளாளர் இளநீர் வெட்டச் சொன்னார்.
கிழக்கில் தண்ணீர்த்தொட்டி ஒழுகியது.
ஏழைப் பள்ளி, பெரிய மனசு என்று
மனதுக்குள் ஒரு கதை கட்டத் தொடங்கி
உடனே அடித்தேன்.
ஒழுகும் தொட்டி யாருக்கும் கணக்குச் சொல்லித் தராது.

மூன்றாம் நாள்தான் கண் பழகியது.
காலை ஒன்பது நாற்பதுக்கு
கிழக்குப் பள்ளியின் ராக்கியப்பன் போன் போடுகிறார்.
"ஏனுங், பையன் இன்னும் வரலீங்களே?"
மறுமுனையில் தறி ஓடுகிறது.
கத்தித்தான் கேட்க வேண்டும். கத்துகிறார்.
ஒரே வீட்டுக்கு மூன்று நாள் தொடர்ந்தும்.

சாந்தாமணி டீச்சர் திங்கள் வைத்த தேர்வு
செவ்வாய் காலை பிள்ளைகள் கையில்.
மேற்கில் போன தை மாதத் தாள்
கட்டுப் பிரிக்காமல் பீரோவில்.

வெள்ளி மதியம்
ஒருவர் வகுப்பில் இன்னொருவர்
கடைசி பெஞ்சில் போய் உட்கார்கிறார்.
அப்புறம் சண்டை. நிஜமான சண்டை.
"இருவத்தஞ்சு நிமிசம் நீங்களேதானுங் பேசுனீங்க,
அதுக ஒரு கணக்குக்கூடப் போடலை"
என்றார் ஓவிய வாத்தியார் தெய்வசிகாமணி.
அவருக்கு என்ன தெரியும் கணக்கு?
சாந்தாமணி அன்று யாரோடும் டீ குடிக்கவில்லை.
திங்கள் அதே பாடத்தை மறுபடி எடுத்தார்,
வாயைக் குறைத்து.

எல்லாம் எழுதிக்கொண்டு கடைசிக் கட்டத்துக்கு வந்தேன்.
பத்தாம் வகுப்புத் தேர்ச்சி:
மேற்கு நூறு.
கிழக்கு எண்பத்தொன்பது.

டி.சி. பதிவேட்டைக் கேட்டேன்.
தாளாளர் இன்னொரு இளநீர் சொன்னார்.
ஒன்பதாம் வகுப்பு முடிவில் பதினான்கு பெயர்கள்,
ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே காரணம்:
பெற்றோர் விருப்பம்.
அதில் ஆறு பேர் கிழக்கில் சேர்ந்திருக்கிறார்கள்.
இரண்டு பேர் பனியன் கம்பெனியில் பீஸ் அடுக்குகிறார்கள்.
மீதி ஆறு பேர் எங்கே என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

கிழக்கில் தோற்றவர் ஏழு.
அந்த ஏழில் நான்கு, வந்து சேர்ந்த ஆறில்.
"அவங்களைச் சேர்க்காம இருந்தா
தொண்ணூத்தஞ்சு வந்திருக்குமே மேடம்?"
"வந்திருக்கும்ங்" என்றார் தலைமையாசிரியை தமயந்தி.
மணியைப் பார்த்தார்.
"எனக்கு ஏழாவது பீரியட் இருக்குதுங்."

என் அறிக்கை மேலே போகும்.
அடுத்த ஆண்டுப் படிவத்தில் பதினேழாம் கட்டம் முளைக்கும்:
'வராத மாணவர் வீட்டுக்குக்
காலை 9.40க்குள் அழைக்கப்பட்டதா? ஆம் / இல்லை.'
மேற்குப் பள்ளி 'ஆம்' என்று டிக் அடிக்கும்,
அதே மையில்.
அதனால் அதை எழுதாமல் விடலாமா என்று
பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

வராந்தாவில் ராக்கியப்பன் கத்திக்கொண்டிருந்தார்.
பதிவேட்டில் பெயரே இல்லாத பையனுக்கு.
ஹரிசுதன், கணக்கில் முப்பத்திரண்டு,
துணைத்தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.
"சனிக்கிழமை வரச் சொல்லுங்!
டீச்சர் வர்றாங்கோ! ஏனுங்...
கேக்குதுங்ளா?
கொஞ்சம் தறியை நிறுத்துங்கோ!"